மூன்றாவது குழாய்

ஐப்பசியில் மூன்று தையல் பிரிந்தது.
மூன்றும் சிசேரியன், மூன்றும் ஏழு நாளுக்குள்.
கட்டைப் பிரித்தால் பஞ்சில் பாசிப்பச்சை,
பழுத்த திராட்சை போல ஒரு வாசனை.
ஒருமுறை அதை முகர்ந்தவர்
அப்புறம் திராட்சை வாங்குவதில்லை.

திருத்துறைப்பூண்டியில் மழை பிடித்திருந்தது.
பிரிந்த வயிற்றோடு படுத்திருந்த ஒருத்தி
தாளடி நடவுக்கு ஆள் கிடைக்காததைப் பற்றிப்
புருஷனிடம் போனில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

என் வேலைக்கு நீளமான பெயர்,
தொற்றுத் தடுப்புச் செவிலியர்.
வார்டில் ‘சோப்பு சிஸ்டர்’.
நான் வரும்போது எல்லோரும் கை கழுவுவார்கள்.
என் தாளில் எண்பத்தேழு சதவீதம்.
நான் திரும்பிய பின் எவ்வளவு என்பதற்கு
எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

புதன்கிழமை மூன்று மணி, துணி அடுக்கும் அறை.
முதல் கூட்டத்தில்
ஒவ்வொருவரும் அடுத்தவர் கையைப் பார்த்தோம்.
டாக்டர் தமிழொளி ஆட்டோகிளேவைச் சொன்னார்.
ஆட்டோகிளேவ் பார்க்கும் குஞ்சிதபாதம்
நிறம் மாறிய பட்டைகளை வரிசையாக ஒட்டிக் காட்டி
தியேட்டர் கதவைச் சொன்னார்.
தியேட்டர் சிஸ்டர், பார்வையாளர்களை.
பார்வையாளர் யாரும் அறையில் இல்லாததால்
பழி அங்கேயே தங்கிவிட்டது.

இரண்டாம் புதன்
லேப் ஜெகபர் தட்டுகளோடு வந்தார்.
‘எல்லாரும் கையக் குடுங்க. போனும்.’
நாற்பத்தெட்டு மணி நேரத்தில்
எல்லோர் தட்டும் நாற்றங்கால்.
அடர்த்தியாக முளைத்தது டாக்டரின் போன்.
அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
‘இதோடதான் ரவுண்ட்ஸ் போறேனா?’
அதன்பின் அந்த அறையில்
நாற்காலிகள் கொஞ்சம் நெருங்கின.
என் கையும் சுத்தமில்லை.
அதையும் எழுதினேன்.

ஆனால் அந்தப் பச்சை
யார் தட்டிலும் இல்லை.

கதவோரம் மாப்புக் குச்சியோடு பாக்கியவதி.
யாரும் கூப்பிடவில்லை;
நாங்கள் எழுந்தால்
துடைத்துவிட்டுப் பூட்டலாம் என்று நின்றிருந்தார்.
‘பச்சைன்னா, அந்த மூணாவது குழாயாம்மா?’

‘கை தேய்க்கிற எடத்துல. ஆடியில ரிப்பேர் பாத்தாங்களே.
காலையில மொத மக்குத் தண்ணி நாறும்.
நான் ஊத்திட்டுத்தான் புடிப்பேன்.’

ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி.
நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை
என்பது பாதி உண்மை.
ஒருமுறை சொன்னாராம்.
‘இந்த ஊர்த் தண்ணி அப்படித்தான்’ என்றாராம் ஒரு சிஸ்டர்.
எந்த சிஸ்டர் என்று அவர் சொல்லவில்லை.
நானாக இருக்கலாம்.

பிளம்பர் வைரக்கண்ணு குழாயின் மூக்கைக் கழற்றினார்.
உள்ளே சல்லடை. சல்லடை முழுக்க வழவழப்பு.
ஜெகபரின் தட்டு இரண்டு நாளில் பச்சையானது.

கல்லணை திறந்தாலும்
கடைமடைக்குக் கடைசியில்தான் தண்ணீர்.
சுற்றறிக்கையும் அப்படித்தான்,
துடைப்பம் வரை வருவதற்குள் வற்றிவிடும்.
அன்று ஒரு சொல்
வாய்க்காலில் எதிர்த்து ஏறியது.

மூன்றாம் புதனில் பாக்கியவதிக்கு நாற்காலி போட்டோம்.
மாட்டேன் என்றார். முட்டி வலி,
உட்கார்ந்தால் எழ முடியாதாம்.
நின்றபடியே
குளோரின் கலக்கும் விதத்தைக் காட்டினார்.
பாட்டிலில் ஒட்டியிருந்த அளவு தப்பு.
ஒட்டியது நான்.

கார்த்திகையில் ஒன்று.
பூஜ்யம் என்று எழுதத்தான் ஆசை.
ஒன்று.

முத்துப்பேட்டையிலிருந்து ஸ்டெல்லா போன் செய்தாள்.
‘எங்களுக்கும் ரெண்டு பிரிஞ்சிடுச்சுக்கா.
நீங்க என்ன பண்ணீங்க?’
குழாய் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர்களுக்கு வேறு ஏதாவதாக இருக்கலாம்.

‘ஒங்க தியேட்டர யாரு தொடைக்கிறா?’

மறுமுனையில் கொஞ்ச நேரம்
தகரத்தில் விழும் மழை மட்டும்.
‘பேரு... இருங்கக்கா, கேட்டுட்டு வர்றேன்.’
இணைப்பைத் துண்டிக்காமலே நடந்தாள்.
ஈர வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம்
என் காதுக்குள் நீண்டுகொண்டே போனது.